கைப்பிடி ரப்பர்: ஏற்றலும் இறக்கலும்

சைக்கிளின் ஹேண்டில் பார் முனை இரண்டிலும் ஏறி உட்கார்ந்திருக்கும் குழலே கைப்பிடி ரப்பர் எனப்படும். அது பி.வி.சி., நுரை, சிலிகான், தக்கை என எதனால் ஆகியிருந்தாலும் சைக்கிள் கடையில் அதற்குப் பெயர் ரப்பர்தான். சாதாரண சைக்கிளில் அது ஏறும் குழாயின் வெளிவிட்டம் 22.2 மில்லிமீட்டர், பழைய வாய்பாட்டில் சொன்னால் முக்காலே அரைக்கால் அங்குலம். வளைந்த கொம்பு வைத்த பந்தய சைக்கிளின் குழாய் 23.8 மில்லிமீட்டர், அதற்கு நாடா சுற்றுவதே வழக்கம் என்பதால் அது இவ்வாய்வில் சேராது. ரப்பரின் உள்விட்டம் குழாயின் வெளிவிட்டத்தைவிடச் சற்றே குறைவாக இருக்கும். இத்துறையின் சிக்கல் முழுவதும் அந்தச் சற்றில்தான் அடங்கியிருக்கிறது.

கைப்பிடி ரப்பருக்கு இரண்டு குணங்கள் உண்டு. கழற்ற நினைக்கும்போது வராது. மழையில் பெடல்மேல் எழுந்து நின்று மேம்பாலம் ஏறும்போது தானே வரும். இவற்றுள் இரண்டாவதைப் பற்றி மட்டுமே அதிகாரிகள் கவலைப்பட்டிருக்கிறார்கள். சைக்கிள் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 4210 தரவரை, ரப்பரை நீரில் ஊறவைத்து, பூஜ்யத்துக்குக் கீழே 5 பாகைக்கும் குளிராக உறையவைத்து, 70 நியூட்டன் விசையில் இழுத்துப் பார்க்கச் சொல்கிறது. ஏழு கிலோ அரிசிப் பையைக் கட்டித் தொங்கவிட்ட அளவு அது. அப்போதும் வந்துவிடக் கூடாது. காரணம் நியாயமானதே: ரப்பர் போன குழாயின் வாய், விழுகிற குழந்தையின் வயிற்றில் குத்தினால் உள்ளுறுப்புகள் சிதையும். ஆனால் பிரேக் லீவரை மாற்ற வேண்டியவர் எவ்வளவு இழுத்தால் அது வர வேண்டும் என்பதில் தரவரை மௌனம் சாதிக்கிறது. அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கழற்ற முனைவோர் அனைவரும் முதலில் செய்வது, வெளிமுனையைப் பிடித்து இழுப்பது. வராததால் இன்னும் பலமாக இழுப்பார்கள். பிறகு சைக்கிளை ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றொருவர் இழுப்பார். மூன்றும் ஒரே பிழையின் மூன்று நிலைகள் என்க. ரப்பரை நீட்டினால் அதன் கன அளவு ஏறக்குறைய மாறுவதில்லை. நீளம் கூடினால் குறுக்களவு குறைந்தே தீரும். ஆகவே இழுக்க இழுக்கக் குழல் நீள்கிறது, நீள நீள ஒடுங்குகிறது, ஒடுங்க ஒடுங்கக் குழாயை இறுக்குகிறது. உள்பக்க விளிம்பில் இரு கட்டைவிரல்களையும் வைத்து வெளிப்புறமாகத் தள்ளினால் இதற்கு நேர்மாறு நடக்கும். குழல் குறுகும், பருக்கும், பிடி தளரும்.

பொருள்கள் நீளும்போது ஒடுங்கும் அளவைப் பாய்சான் விகிதம் என்பர். எஃகுக்கு அது 0.3 அளவில் நிற்க, ரப்பருக்கு 0.5-ஐத் தொடுகிறது. பிரெஞ்சுக் கணிதர் பாய்சான் 1840-இல் காலமானார். பெடல் வைத்த சைக்கிள் பாரிஸில் பரவியதோ 1860-களில். எனவே அவர் கைப்பிடி ரப்பர் எதையும் கழற்றியிருக்க முடியாது. விடை மட்டும் அவரிடம் இருந்தது.

தள்ளியும் அசையாத ரப்பர் விஷயத்தில் அறிஞர்கள் பல பிரிவினர். சோப்புத் தண்ணீர் மரபினரே தொகையில் அதிகம். தேய்ந்த ஸ்போக்ஸ் கம்பி ஒன்றையோ மெல்லிய திருப்புளியையோ விளிம்புக்கு அடியில் நுழைத்து, உண்டான சந்தில் சொட்டுச் சொட்டாக நீரை விட்டு, கம்பியைச் சுற்றிக் கொண்டுவருவது இவர்கள் முறை. முதலில் ஒன்றும் நடக்காது. இரண்டாம் சுற்றில் விளிம்போரம் நுரை தள்ளும். பிறகு ரப்பரைத் திருகினால் உள்ளே நசநசவென்று ஓர் ஓசை கேட்கும். நீர் நடுப்பகுதியை எட்டிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அந்த ஓசைக்கு முன் தள்ளுவது வீண்.

ஸ்பிரிட் மரபினர் நீருக்குப் பதில் சாராயத் திரவம் எதையேனும் பயன்படுத்துவர். கொரோனா காலத்தில் வாங்கிக் குவித்த சானிடைசர் புட்டிகள் பலவற்றுக்கு இவர்களாலேயே நற்கதி கிடைத்தது. பெட்ரோல் மரபும் உண்டு. வேலை விரைவாக முடியும், ரப்பரும் ஊதிப் பதம் கெடும். தேங்காய் எண்ணெய் விடுவோரை எந்தப் பிரிவும் ஏற்பதில்லை. எண்ணெய் ஆவியாகாது, அதில் கழன்ற ரப்பர் திரும்பப் பிடிப்பதும் இல்லை.

காற்று மரபு பஞ்சர் கடைக்குக் கம்ப்ரஸர் வந்த பின் தோன்றியது. ரப்பரின் முனைத் துளையில், அதாவது சிறுவர் சைக்கிளில் குஞ்சம் செருகும் அந்தத் துளையில், காற்றை அழுத்தினால் ரப்பர் குழாயிலிருந்து விலகி மிதக்கும். அந்த நொடியில் உருவிவிட வேண்டும். பார்க்க மாயம்போல் இருக்கும் இம்முறைக்குக் கடைக்காரரின் ஓய்வு நேரம் இன்றியமையாதது. கடைசியாக பிளேடு மரபு. நீளவாக்கில் ஒரு கீறல், வேலை முடிந்தது. எஃகுக் குழாயில் தவறில்லை. கார்பன் நாரால் ஆன குழாயில் பிளேடு பட்டால் அந்தக் கீறலே பின்னர் முறிவாகலாம்.

இனி ஏற்றல். பழைய பி.வி.சி. பிடி குழைந்து விட்டுச் சென்ற கரும்பிசின் குழாயில் ஒட்டியிருக்கும். அதில் கலந்த இளக்கி மெல்ல வெளியேறுவதால் வரும் பிசுபிசுப்பு அது. ஓட்டுபவர் உள்ளங்கையிலும் அதையே காணலாம். மண்ணெண்ணெயால் துடைத்து, சோப்பால் கழுவி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, காய்ந்த பின்பே தொடங்க வேண்டும். புதிய ரப்பர் பி.வி.சி.யாக இருந்தால் வெந்நீரில் சிறிது நேரம் போட்டு எடுப்பது நல்லது. உள்ளே ஸ்பிரிட் விட்டு, முனைத் துளையை விரலால் மூடிக் குலுக்கி, விரல் பள்ளங்கள் கீழ்ப்பக்கம் வருமாறு பிடித்து, ஒரே மூச்சில் தள்ள வேண்டும். பாதியில் நின்று வியர்வை துடைப்பவருக்குப் பாதி ரப்பரே ஏறும்.

ஏற்றும்போதும் இழுப்பது ஆகாதா என்பது கடா. உள்விளிம்பைப் பற்றி இழுத்தால் நீண்டு இறுகும். வெளிமுனையில் உள்ளங்கையால் தட்டித் தள்ளினால் பருத்து ஏறும் என்பது விடை. முனைத் துளை இல்லாத ரப்பரில் உள்ளே அடைபட்ட காற்று எதிர்த்துத் தள்ளும். இரண்டாவதை ஏற்றும்போது முதலில் ஏற்றியது மறுமுனையில் மெல்ல நகர்வதும் காணப்பட்டுள்ளது.

ஸ்பிரிட்டில் ஏறியது விரைவில் பிடித்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் ஏறியதை ஓர் இரவு தொடாமல் விடுவது உத்தமம். அப்போதும் நீர்தான் போகிறது. சோப்பு உள்ளேயே படலமாகத் தங்கிவிடுகிறது. மழை பெய்து விளிம்பில் நீர் இறங்கியதும் அது மறுபடி நுரைக்கிறது. மேம்பாலத்தில் ரப்பர் தானே வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எச்சில் தொட்டு ஏற்றும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இத்தொல்லை குறைவு என்பதைப் பெரியோர் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள்.

புது சைக்கிளின் ரப்பர்மேல் வரும் பாலிதீன் உறையைப் பிரிக்காமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டும் மரபு தனி. அவர்கள் ரப்பரைப் பிடிப்பதே இல்லை. நவீன சைக்கிள்களில் வளையமும் ஆலன் திருகும் வைத்து இறுக்கும் பிடி வந்துவிட்டது. அதற்கு மேற்கண்ட சாத்திரம் எதுவும் வேண்டாம், சிறிய ஆலன் சாவி ஒன்று போதும்.

பிளேடு படாமல் கழன்ற பழைய ரப்பர் வீட்டில் வீணாவதில்லை. அடிபம்பின் கைப்பிடியிலோ இரும்பு நாற்காலியின் காலிலோ அது ஏறிவிடும். அங்கிருந்து அதைக் கழற்றும் முறையும் மேலே கூறியதே.