திருச்செங்கோட்டுக்கு இடம் போதாது

8ஆம் நூற்றாண்டில் அதிய மரபைச் சேர்ந்த குணசீலன் நாமக்கல் மலையைக் குடைந்து பெருமாளைப் பாம்பின் மேல் படுக்க வைத்தான். படுத்திருப்பவர் யார் என்று எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சுற்றி நிற்கிற கூட்டம்தான் சிக்கல். கல்யாண வீட்டு குரூப் போட்டோ போல, நடுவில் இருப்பவரைத் தவிர மற்ற எல்லோரும் ‘இவர் யாரு?’ ஆகிவிடுவார்கள். குணசீலன் விவரமான ஆள். பிருகு, மார்க்கண்டேயர், தும்புரு, நாரதர் என்று பெயர்களை அந்தக் குகையிலேயே வெட்டி வைத்துவிட்டான். கேப்ஷனுக்குத் தனி ஃபைல் கிடையாது. ஹார்டு டிஸ்க் போய்விடுமோ என்ற பயமும் இல்லை. மலைதான் ஹார்டு டிஸ்க்.

ஒரே குறை, எழுதியது பல்லவ கிரந்த எழுத்தில், வடமொழியில். இன்று எதிரே நிற்கும் 18 அடி ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்திவிட்டு மலைக்கு வருகிறவருக்கு அது வெறும் கீறல். தகவல் பத்திரமாக இருக்கிறது, ஃபான்ட் இன்ஸ்டால் ஆகவில்லை. படிக்க முடியாத கேப்ஷனை ஊர் எத்தனை நாள் பொறுக்கும்? தானே ஒன்று எழுதிக்கொண்டது. மற்ற ஊர்களில் பெருமாள் ஆதிசேஷன் மேல் படுப்பார். நாமக்கல் தலபுராணத்தில் அந்தப் பாம்பு கார்க்கோடகன்.

குணசீலனுக்கே பிறகு பெயர்க்குழப்பம் வந்தது. ‘அதியமான் கட்டிய குகை’ என்றதும், ‘ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தாரே, அவர்தானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. அது தகடூர் நெடுமான் அஞ்சி, சங்க காலத்து ஆள். நடுவில் பல நூற்றாண்டு. ஔவையின் கதை இன்னும் மோசம். அதியமானோடு உட்கார்ந்து கள் குடித்த சங்கப் புலவர் ஒருவர். பல நூறு வருஷம் கழித்து வந்து பிள்ளைகளுக்கு ஆத்திசூடி சொன்னவர் வேறொருவர். போட்டோ மென்பொருள் இரண்டு முகத்தைக் காட்டி ‘இருவரும் ஒருவரா?’ என்று கேட்குமே, அதற்கு நாம் ஊரோடு சேர்ந்து ‘ஆம்’ அழுத்திவிட்டோம். 1953இல் ஜெமினி ‘ஔவையார்’ எடுத்து கே.பி. சுந்தராம்பாளை நடிக்க வைத்தது. அந்த முகமே நிலைத்துவிட்டது. இனி பிரிக்க எந்தப் பொத்தானும் கிடையாது.

கேப்ஷன் எழுதுவதில் அரசர்களைவிட ஆடுமாடு மேய்த்தவர்கள் கெட்டிக்காரர்கள். வடக்கே செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல். எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த வீரன் நிற்கிறான், பக்கத்தில் ஒரு நாய். வீரனுக்குப் பெயர் எழுதியிருப்பதில் அதிசயமில்லை. நாய்க்கும் எழுதியிருக்கிறார்கள்: கோவிவன். கள்ளனைக் கடித்து, காவல் நின்றது என்பது வரை விவரம் இருக்கிறது. உங்கள் வீட்டு ஆல்பத்தில் தாத்தா பக்கத்தில் நிற்கிற நாயின் பெயர் தெரியுமா? தாத்தா பெயராவது?

தேதிதான் பிசகு. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆண்டு என்று போட்டார்கள். அரசன் என்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தான் என்று தெரிந்தால்தானே கணக்கு வரும்? கேமராவில் பேட்டரி தீர்ந்து கடிகாரம் முதல் நாளுக்குத் திரும்பினால் படங்களின் தேதிக்கு என்ன ஆகுமோ, அதேதான். மகேந்திரன் 600 முதல் 630 வரை ஆண்டான் என்று எழுதிய புத்தகங்கள் இருக்கின்றன. முப்பது வருஷம் ஆண்டவனுக்கு முப்பத்துநான்காம் வருஷம் எங்கிருந்து வந்தது? நாய் சாட்சிக்கு நிற்கிறது. புத்தகம்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

இடத்தின் கதையும் உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் கேப்டன் லின்னேயஸ் டிரைப் ராயக்கோட்டையையும் வேறு சில இடங்களையும் படமெடுத்து 1858இல் ஆல்பம் போட்டார். தலைப்பிலேயே ‘சேலம் மாவட்டம்’ என்று இருக்கிறது. 1965இல் தருமபுரி பிரிந்தது, 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ராயக்கோட்டை இன்று கிருஷ்ணகிரியில். நாமக்கல்லும் 1997 வரை சேலத்தின் பகுதிதான். டிரைப் தப்பாக எழுதவில்லை. ஆனால் அவர் படத்தை ‘கிருஷ்ணகிரி’ என்று தேடுகிறவருக்கு அது கிடைக்கவும் கிடைக்காது.

முகத்துக்கும் ஒரு கதை. சேலம் ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துத் தள்ளியது. முகம் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்கு வேலை கொடுக்கவே எடுத்தார்களோ என்று சந்தேகம். 1940இல் ‘உத்தம புத்திரன்’, பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம்: ஒரு முகம், இரண்டு பெயர். 1950இல் ‘திகம்பர சாமியார்’, எம்.என். நம்பியாருக்குப் பத்துக்கும் மேற்பட்ட வேடம். அந்த ஸ்டில்களை எந்தக் கம்ப்யூட்டரிடமாவது கொடுங்கள், பத்து ஆளைத் தேடிக்கொண்டு ஊர் ஊராக அலையும். இதில் 1958இல் சிவாஜி வேறு இன்னொரு ‘உத்தம புத்திரன்’ படத்தில் நடித்துவிட்டார். இந்த மாதிரிக் குழப்பத்தையெல்லாம் ஒழுங்குபடுத்த தமிழ் சினிமாவுக்கு வாய்த்தவர் பிலிம் நியூஸ் ஆனந்தன், தனி மனிதராக. அவர் ஸ்டில் சேர்த்தார், விவரமும் சேர்த்தார். மற்றவர்கள் ஸ்டில் மட்டும் சேர்த்தார்கள்.

பிறகு கம்ப்யூட்டர் வந்து எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். ஸ்டூடியோக்களில் பாமினி போன்ற ஃபான்ட்டுகளில் அடித்த கேப்ஷன், அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நின்றது. யூனிகோடில் தமிழ் 1991லேயே வந்துவிட்டது. தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணையிட்டது 2010இல். அதற்குள் குணசீலன் இன்னொரு மலையையே குடைந்திருப்பான்.

படத்துக்குள் விவரம் வைக்கும் ஐபிடிசி என்கிற ஏற்பாடும் 1991இல் வந்ததுதான். மேல்நாட்டுச் செய்தி நிறுவனங்கள் தங்கள் அளவுக்குத் தைத்த சட்டை. ஊர்ப் பெயருக்கு 32 பைட். யூனிகோடை யூடிஎஃப்-8ஆகச் சேமித்தால் தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனிக்கணக்கு. சேலத்துக்கு 15, நாமக்கல்லுக்கு 24, இராசிபுரம் 30, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடும். திருச்செங்கோட்டுக்கு 42. ‘திருச்செங்’ வரை வந்து கதவு சாத்தப்படும். மிச்ச 2 பைட்டில் ஒரு உடைந்த ‘க’ மாட்டிக்கொண்டு கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டமாக முழிக்கும். 2001இல் அடோபி கொண்டுவந்த எக்ஸ்எம்பியில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் பல படங்களில் இரண்டும் கூடவே இருக்கின்றன. ஒரு மென்பொருள் புதியதில் திருத்தும், இன்னொன்று பழையதைப் படிக்கும். நீங்கள் திருத்திய கேப்ஷன் திரும்பப் பழையபடி தெரிந்தால் பேய் பிசாசு இல்லை, இதுதான்.

நோய் பார்க்கும் முறை எளிது. வெறும் கட்டங்கள் தெரிந்தால் ஃபான்ட் இல்லை, குணசீலன் கேஸ், பயப்பட வேண்டாம். தலையில் கோடு போட்ட பிரெஞ்சு ‘ஏ’ வரிசையாக வந்தால் தகவல் பிழைத்திருக்கிறது, யூடிஎஃப்-8 என்று தெரியாமல் படிக்கிறது, மாற்றினால் தேறும். வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் சேமிக்கும்போதே கதை முடிந்தது. பேக்கப் இருந்தால் பாருங்கள். எதுவுமே இல்லையென்றால் அந்தப் படம் வாட்ஸ்அப்பில் வந்ததா என்று கேளுங்கள். போட்டோவாக அனுப்பினால் உள்விவரம் உதிர்ந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேப்ஷனை மென்பொருளின் கிடங்கில் மட்டும் விடாமல் ஃபைலுக்குள்ளேயே எழுதும் அமைப்பை ஆன் செய்யுங்கள். கூகுள் 2016இல் பிகாசாவுக்கு மூடுவிழா நடத்தியது; உங்கள் மென்பொருளும் சிரஞ்சீவி இல்லை. எழுதும்போது ‘பெரியப்பா’ என்று மட்டும் எழுதாதீர்கள். அது மகேந்திரனின் 34ஆம் ஆண்டு மாதிரி. யாருக்குப் பெரியப்பா என்பது உங்களுக்குப் பிறகு யாருக்கும் தெரியாது. பெயர், இன்ஷியல், ஊர், வருஷம் நான்கையும் போடுங்கள். பக்கத்தில் நாய் நின்றால் அதன் பெயரையும்.