முதல் காத்தை அடி, பேந்து பட்டனை அமத்து

எட தம்பி, ஏன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்கிறாய்? கார் ஓடேல்லையே? ஓடுது. பிறேக் பிடிக்கேல்லையே? பிடிக்குது. பேந்தென்ன குறை? சில்லு மாத்தின நேரத்திலயிருந்து ஸ்ரியறிங்குக்கு முன்னால மஞ்சள் லைற் ஒண்டு எரியுதாம். வளைஞ்ச கோடு, அடியில பல்லுப் பல்லா, நடுவில ஒரு ஆச்சரியக்குறி. அதைப் பாத்திட்டு உனக்கு நித்திரை இல்லை. மனுசி ‘கொம்பனிக்குக் கொண்டுபோங்கோ’ எண்டுறா. கூட வேலை செய்யிறவன் ‘கொம்பியூட்டர் போட்டுது மச்சான்’ எண்டுறான். வீட்டில இத்தினை பேர் இருக்கிறியள். குனிஞ்சு அந்த நாலு சில்லையும் பாத்த ஆள் ஒருத்தர் இருக்கிறியளே?

இரு. பதறாத. உந்தப் பனிநாட்டில சில்லு மாத்துறது ஒரு வருசச் சடங்குதானே. நவம்பர் பிறந்தால் ஸ்காபரோவில ரயர்க் கடை வாசலைப் பார். முதல் பனி கொட்டுமட்டும் ஒருத்தரும் அசையாயினம். கொட்டின அண்டைக்கு விடிய எல்லாரும் ஒண்டா ரெலிபோன் எடுப்பினம். கியூபெக்கில டிசம்பர் 1 இலயிருந்து மார்ச் 15 மட்டும் பனி ரயர் போடோணும் எண்டு சட்டமே இருக்கு. ஒன்ராறியோவில சட்டம் இல்லை, இன்சூரன்ஸ்காரன் ஏதோ கொஞ்சம் கழிச்சு விடுவான். ஆனால் குளிருக்குச் சட்டம் தெரியுமே? 7 பாகைக்குக் கீழ போனால் கோடை ரயரின்ர ரப்பர் இறுகத் தொடங்கும். அதால விசயம் தெரிஞ்சவன் றிம்மோட சேர்த்து ரெண்டாவது செற் ஒண்டு வாங்கி வைப்பான். கழட்டிப் பூட்டுறது வீட்டு வாசலிலயே முடியும். நீயும் அதைத்தான் செய்தனீ. கெட்டிக்காரன்.

ஆனால் ரெண்டாவது செற் வாங்கேக்க றிம்மின்ர நிறத்தைக் கேட்டாய். கறுப்பே, வெள்ளியே எண்டு ஒரு கிழமை யோசிச்சாய். ‘இதுக்குள்ள சென்சர் இருக்கோ?’ எண்டு கேட்டனியே?

கேக்கேல்லை. சரி, இப்ப கேள். காத்துப் பாக்கிற வித்தை ரெண்டு விதம். ஒண்டில, ஒவ்வொரு றிம்முக்குள்ளயும் வால்வின்ர அடியில ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதுக்குள்ள பற்றறி, அழுத்தம் பாக்கிற சாமான், ஒரு குட்டி றேடியோ. ஒவ்வொண்டுக்கும் தனி அடையாள இலக்கம். ‘நான் இன்னார், எனக்குள்ள இவ்வளவு காத்து’ எண்டு காருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். கார் தனக்குத் தெரிஞ்ச நாலு இலக்கத்துக்குத்தான் காது குடுக்கும். நீ அந்த நாலையும் கழட்டி நிலவறையில அடுக்கிப்போட்டு, வேற நாலைப் பூட்டிக்கொண்டு றோட்டில இறங்கினால் அது என்ன செய்யும்? என்ர நாலு பேரையும் காணேல்லை எண்டு லைற்றைப் போடுது. அது தன்ர வேலையைச் செய்யுது. நீதான் அதுக்கு ஆக்களை அறிமுகம் செய்து வைக்கேல்லை.

மற்ற விதத்தில பெட்டியும் இல்லை, றேடியோவும் இல்லை. கன ஹொண்டா, மஸ்டா கார்கள் இந்த விதம்தான். காத்துக் குறைஞ்ச சில்லு கொஞ்சம் சப்பையாகும். சப்பையான சில்லு மற்ற மூண்டையும்விடக் கொஞ்சம் வேகமாச் சுத்தவேணும், இல்லாட்டிக் கூட ஓடேலாது. ஏ.பி.எஸ். பிறேக்குக்கெண்டு சில்லடியில ஏற்கனவே இருக்கிற சாமான் அந்த வேக வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும். சிக்கனமான மூளை, என்ன? எனக்குப் பிடிச்சது. ஆனால் நாலிலயும் ஒரே அளவாக் காத்து இறங்கினால் அதுக்குப் பிடிபடுறது கஷ்டம். நாலு பேரும் ஒரே பொய்யைச் சொன்னால் விதானையார்தான் என்ன செய்வார்?

உன்ர கார் எந்த விதம் எண்டு உனக்குத் தெரியாது. தெரியாமல் நேற்று என்ன செய்தனீ? பட்டனை அமத்தினாய். லைற் கொஞ்ச நேரத்துக்கு அணைஞ்சுது. ‘பாத்தியளே அப்பு, றீசெற் பண்ணிட்டன்’ எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு வந்தாய். சில்லுக்குள்ள எவ்வளவு காத்து எண்டு நான் கேட்டன். முழிசினாய். அந்தப் பட்டன் என்ன, காத்தடிக்கிற பம்பே?

இதைக் காதில போட்டுக்கொள். ரெண்டாவது விதக் காரில பட்டனை அமத்திறது எண்டால், ‘இப்ப இருக்கிற நிலைமைதான் சரியான நிலைமை, இதை மனசில வைச்சுக்கொள்’ எண்டு காருக்குச் சொல்லுறது. அதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஓடி ஓடி அது பாடம் படிக்கும். 33 இறாத்தல் இருக்கவேண்டிய சில்லில 26 ஓட வைச்சு அமத்தினியோ, கார் 26 ஐயே சரியெண்டு பாடமாக்கும். பேந்து நீ மெத்தையில ஓடுறன் எண்டு நினைச்சுக்கொண்டு ஓடலாம், லைற் வாய் திறவாது. பிழையான கணக்கைக் குருவே சொல்லிக் குடுத்தால் பிள்ளையில என்ன பிழை?

முதல் விதக் காருக்கு அறிமுகச் சடங்கு இருக்கு. சில கார் பொல்லாத கெட்டித்தனம், கொஞ்சத் தூரம் ஓடத் தானே புது ஆக்களை அடையாளம் பிடிக்கும். சிலதுக்கு ரயர்க் கடைக்காரன் கொம்பியூட்டரைக் கொழுவி இலக்கத்தை எழுதவேணும். சில ரொயோட்டா, லெக்ஸஸ் கார்கள் ரெண்டு செற்றையும் ஞாபகம் வைச்சிருக்கும். ஆளை மாத்திச் சொன்னால் காணும். கன ஜெனரல் மோட்டேர்ஸ் கார்களுக்கு ஒரு தவில் கச்சேரியே நடக்கும். எங்கட ஒழுங்கையில ஒரு பொடியன் அதை நடத்தினவன், நான் யன்னலால பாத்தனான். கையில ஒரு சின்னக் கருவி. முன் இடது சில்லின்ர வால்வடியில பிடிச்சான், கார் ‘பீப்’ எண்டுது. முன் வலது, ‘பீப்’. பின் வலது, பின் இடது. இந்த வரிசை தப்பக்கூடாது. முதல் சில்லுக்கு 2 நிமிசம், நாலுக்கும் சேர்த்து 5 நிமிசம்தான் தவணை. பாவம், பொடியன் மூண்டாவதில கருவியைப் பனிக்குள்ள விழுத்திப்போட்டான். திரும்ப முதலிலயிருந்து. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி, ஆரோ தன்னைக் கூப்பிடுறாங்கள் எண்டு நாலு தரம் கதவைத் திறந்து பாத்திட்டா.

இந்தச் சடங்கே வேண்டாமெண்டால் அதுக்கும் வழி இருக்கு. பழைய நாலு இலக்கத்தையும் புதுச் சென்சருக்குள்ள அப்பிடியே பிரதி பண்ணித் தரச்சொல்லிக் கேள். கடைக்காரனிட்ட கருவி இருக்கும். காருக்கு ஆள் மாறினதே தெரியாது. வசந்தத்தில கழட்டேக்கயும் இந்தத் தலையிடி இல்லை. வாங்கேக்கயே கேக்கோணும், அவ்வளவுதான். சில கார் 315 மெகாஹேர்ட்ஸில காது குடுக்கும், சிலது 433 இல. அதைப் பாக்காமல் மலிவெண்டு எங்கயோ இருந்து எடுப்பிச்சாய் எண்டால், அது பேசும், கார் கேக்காது. பற்றறியும் அஞ்சு தொடக்கம் பத்து வருசம்தான். பற்றறியை மட்டும் மாத்தேலாது, அடைச்சு ஒட்டினது. முழுச் சாமானையும் மாத்தோணும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

இன்னும் சில மேதாவியள் இருக்கினம். பழைய சென்சர் நாலையும் கழட்டி, ஒரு பி.வி.சி. குழாய்க்குள்ள போட்டு, ரெண்டு பக்கமும் மூடி, வால்வ் வைச்சு, காத்தடிச்சு, காரின்ர டிக்கியில வைச்சுக்கொண்டு ஓடுகினம். சிரிக்காத, உண்மை. கார் நினைக்குது, நாலு சில்லிலயும் காத்துத் திமிறிக்கொண்டு நிக்குது எண்டு. ஊரில கண்டு செத்த மாட்டுக்கு வைக்கோல் கண்டைக் காட்டிப் பால் கறந்த மாதிரித்தான். அங்க மாடு ஏமாறினால் எங்களுக்குப் பால் கிடைச்சுது. இஞ்ச கார் ஏமாறினால் உனக்கு என்ன கிடைக்கும், சொல்லு பாப்பம்? அதைவிட லைற்றுக்கு மேல கறுப்பு ரேப் ஒட்டுறவன் திறம். அவன் தன்னை மட்டும்தான் ஏமாத்துறான், சாமானும் மலிவு.

நான் இவ்வளவு நக்கலடிக்கிறதால கிழவனுக்குப் புதுசு பிடியாது எண்டு நினைச்சிடாத. உந்த லைற் சும்மா வந்ததில்லை. 2000 ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில ஃபயர்ஸ்ரோன் கொம்பனி 65 லட்சம் அளவில ரயர்களைத் திருப்பி எடுத்தது. கனக்க ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வண்டியளில பூட்டினது. ரயரின்ர மேல்தோல் கழண்டு, வண்டி உருண்டு, அமெரிக்காவில 200 பேருக்கு மேல செத்தது. கார்க்காரன் 26 இறாத்தல் காணும் எண்டவன், ரயர்க்காரன் 30 வேணும் எண்டவன். ஆளையாள் கை காட்டினதுதான் மிச்சம். அந்த வருசம் நவம்பரிலயே அமெரிக்காவில சட்டம் வந்தது. 2007 செப்ரெம்பருக்குப் பிறகு அங்க விக்கிற புதுக் கார் எல்லாத்திலயும் இந்த லைற் இருக்கோணும். ஐரோப்பாவில 2014 நவம்பரிலயிருந்து எல்லாப் புதுக் காருக்கும். கனடாவில அப்பிடிக் கட்டாயம் இல்லை. ஆனால் அதே கார்தானே இஞ்சயும் வருது. லைற்றும் கூடவே வந்திட்டுது.

நாங்கள் யாழ்ப்பாணத்தில மண்ணெண்ணெயில கார் ஓட்டினவங்கள், தம்பி. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை. சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பேந்து மண்ணெண்ணெயில புகைவிட்டு ஓடின மொறிஸ் மைனருக்கும் ஒஸ்ரினுக்கும் ஆர் லைற் பூட்டினது? சைக்கிள் ரயரைப் பெருவிரலால அமத்திப் பாத்தால் காத்துத் தெரியும். அதை நம்பி இண்டைக்கு உன்ர காருக்கு வந்து காலால உதைச்சுப் பாக்கிற சில பெரியவரும் இருக்கினம். அவையளையும் நம்பாத. இப்பத்தே ரேடியல் ரயர் நல்லாக் குறைஞ்சாலும் கண்ணுக்குக் காட்டிக்குடுக்காது. உதைச்சால் சப்பாத்துத்தான் தேயும்.

பேந்து ஆரை நம்புறது? சின்னக் கேஜ் ஒண்டு. ஒரு பிற்சா வாங்கிற காசு வராது. சாரதிக் கதவைத் திற. கதவு நிலையில ஒரு ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கு. கார் வாங்கின நாள் தொடக்கம் அது உன்னைப் பாத்துக்கொண்டிருக்கு, நீதான் அதைப் பாக்கேல்லை. அதில இருக்கிற அளவுதான் உன்ர அளவு. ரயரின்ர பக்கத்தில அடிச்சிருக்கிற பெரிய இலக்கத்தைப் பாத்து அடிச்சிடாத, அது அந்த ரயர் தாங்கக்கூடிய ஆகக் கூடின அளவு. கார் மூண்டு மணித்தியாலமாவது நிண்டு குளிர்ந்த பிறகு அள. ஓடிவந்த சூட்டில அளந்தால் கூடக் காட்டும்.

குளிருக்கும் ஒரு கணக்கு இருக்கு. வெப்பம் அஞ்சாறு பாகை இறங்கினால் ஒரு இறாத்தல் குறையும். 20 பாகைச் சூட்டில இருக்கிற கராஜுக்குள்ள 33 அடிச்சுப்போட்டு, சைபருக்குக் கீழ 20 இல வெளிய நிப்பாட்டினால், விடிய ஆறேழு இறாத்தலைக் காணேல்லை. ஒருத்தரும் களவெடுக்கேல்லை. காத்துச் சுருங்கினது. அதுதான் விடிய எரியிற லைற் நெடுஞ்சாலையில ஏறி ரயர் சூடாக அணையுது. நீ உடன ‘தானாச் சரியாயிட்டுது’ எண்டுறாய்.

லைற்றை நம்பி இருக்கிறவைக்கு இன்னொண்டு. அமெரிக்கச் சட்டத்தின்படி, ஸ்ரிக்கர் அளவில கால்வாசி குறைஞ்சாப் பிறகு எரிஞ்சால் போதும். 33 எண்டால் 25 க்குக் கிட்டப் போகுமட்டும் அது சும்மா இருக்கலாம். 27 இல ஓடினாலும் ரயர் தேயும், பெற்றோலும் குடிக்கும், லைற் எரியாது. அது கடைசி எச்சரிக்கை மோனை, விசாரிப்பு இல்லை.

அதோட, அது எப்பிடி எரியுது எண்டும் பார். ஸ்ராட் பண்ணினவுடன ஒரு நிமிசம் ஒண்டரை நிமிசம் மினுங்கி, பேந்து நிண்டு எரிஞ்சால், சென்சரைக் காணேல்லை எண்டு முறைப்பாடு. ஆறுதலாக் கடைக்குப் போகலாம். மினுங்காமல் எரிஞ்சால் காத்து இல்லை. உடன இறங்கிப் பார். உனக்கு எரிஞ்சது எப்பிடி? தெரியாதோ? ரெண்டு கிழமையாப் பாக்கிறாய், பாக்கத் தெரியேல்லை.

கடையில பச்சை மூடி போட்டு ‘நைதரசன் அடிக்கட்டே அண்ணை?’ எண்டு கேப்பாங்கள். அடியடா எண்டு காசைக் குடுக்கிறாய். நீ இப்ப மூச்சு விடுற காத்திலயே 78 வீதம் நைதரசன்தான். மிச்சத்துக்குத்தான் காசு குடுக்கிறாய். மூடி எண்டவுடன ஞாபகம் வருது. மினுக்கமா இருக்கெண்டு உலோக மூடி போடாத. கன சென்சர் வால்வ் அலுமினியம், றோட்டெல்லாம் உப்பு. ரெண்டும் இறுகிப் பிடிச்சால் வசந்தத்தில மூடியோட வால்வும் சேர்ந்து முறியும். கறுப்புப் பிளாஸ்ரிக் மூடிதான் திறம். அழகில்லை எண்டு ஆரும் உன்னை மறிக்கப் போறதில்லை.

ஆகவே போ. விடிய, கார் குளிர்ந்து நிக்கேக்க, ஸ்ரிக்கரைப் பாத்து நாலுக்கும் காத்தை அடி. ஸ்பெயர் இருந்தால் அதுக்கும் அடி. அதுக்குப் பிறகு, கார் எந்த விதமோ அதுக்கேத்த மாதிரிப் பட்டனை அமத்து, இல்லாட்டிக் கடைக்காரனிட்ட அறிமுகம் செய்வி. பேந்தும் மாதத்துக்கு ஒருக்கால் கேஜைப் பிடிச்சுப் பார்.

இன்னும் ஒண்டு. சில்லு மாத்தி ஒரு 100 கிலோமீற்றர் அளவில ஓடினாப் பிறகு, கையேட்டில சொல்லியிருக்கிற இறுக்கத்துக்கு நட்டுகளை ஒருக்கால் திரும்பப் பாக்கோணும். நட்டு இளகினால் எரியிறதுக்கு உன்ர காரில லைற் ஒண்டும் இல்லை.