சந்தாதாரர் வரும் வேகம்

எண்பதுகளில் கோவில்பட்டியிலிருந்து நான் நடத்திய பத்திரிகைக்கு அட்டை கிடையாது. ஒரு நீல நிற இன்லேண்ட் லெட்டர்தான் முழுப் பத்திரிகையும். தபால் ஆபீஸில் கட்டாக வாங்கி, டிரெடில் பிரஸ்ஸில் கொடுத்து அச்சடித்து, மடித்து ஒட்டி, விலாசம் எழுதி, திரும்பவும் அதே தபால் ஆபீஸில் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். அந்த நாளில் தமிழ்நாட்டில் இப்படி இன்லேண்ட் இதழ்கள் பல வந்துகொண்டிருந்தன. காகிதம், உறை, தபால்தலை எல்லாம் ஒன்றிலேயே அடங்கிவிடுவதால் கையில் காசில்லாதவனும் ஆசிரியர் ஆகலாம்.

இன்று அதே வேலையை மின்னஞ்சலில் செய்கிறேன். மாதம் ஒரு கடிதம். பொத்தானை அழுத்தியதும் சாத்தூருக்கும் சிங்கப்பூருக்கும் ஒன்றாகவே போய்விடுகிறது. வாசகர் வருகிற வேகம் மட்டும் மாறவில்லை. அன்றைக்கும் ஒவ்வொருவராக வந்தார்கள், இன்றைக்கும் ஒவ்வொருவராகத்தான் வருகிறார்கள். ஒருவர் படித்து, பிடித்துப்போய், இன்னொருவரிடம் சொல்லி, அவர் நம்பிப் படித்துப் பார்க்க எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாள் ஆகத்தான் செய்யும்.

பிரஸ்ஸில் இருந்த கம்பாசிட்டர் அண்ணாச்சிதான் எனக்கு வாய்த்த முதல் எடிட்டர். ஈய எழுத்துப் பெட்டியில் ஒவ்வொரு எழுத்தும் இவ்வளவுதான் என்று அளவு உண்டு. நான் நீட்டி எழுதிக் கொடுத்தால் பாதியில் கூப்பிடுவார். “தம்பி, ‘ற்’ தீந்துபோச்சு. கடைசிப் பத்தியக் கொறைங்க.” மை வாசனைக்கு நடுவே நின்றபடியே குறைப்பேன். குறைக்கப் போனால் முதலில் அடிபடுவது போன இதழில் சொன்னதையே வேறு மாதிரிச் சொன்ன வரிகள்தான். மூன்று மடிப்புக்குள் ஒரு விஷயம் நிற்க வேண்டுமென்றால் அது புதிதாக இருந்தாக வேண்டும். அண்ணாச்சி அதை உபதேசமாகச் சொன்னதில்லை. எழுத்துப் பெட்டியே சொல்லிக்கொடுத்தது.

சந்தா மணியார்டரில் வரும். பாரத்தின் அடியில், பணம் பெறுகிறவருக்குக் கிழித்துக் கொடுக்கும் துண்டில், நாலு வரி எழுத இடம் இருக்கும். பத்திரிகை நடத்தியவர்களுக்குத் தெரியும், பணத்தை எண்ணுவதற்கு முன்னால் கண் அந்தத் துண்டுக்குத்தான் போகும். விளாத்திகுளம் பக்கத்து ஆசிரியர் ஒருவர் அதில் எழுதியிருந்தார்: “புஸ்தகங்களைப் பற்றி நன்றாக எழுதுகிறீர்கள். உங்கள் ஊர்த் தீப்பெட்டி ஆபீஸ் பற்றி எப்போது எழுதுவீர்கள்?” அடுத்த இதழ் அதுதான். விடியுமுன்னே கிராமங்களுக்குப் போய்ப் பெண்களை ஏற்றிவரும் பஸ், குச்சி அடுக்கும் விரல்களின் வேகம், வீட்டுத் திண்ணையில் பசைக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து பெட்டி ஒட்டும் பிள்ளைகள். அந்த ஓர் இதழைப் படித்துவிட்டுச் சந்தா அனுப்பியவர்களில் பலர், தங்கள் அம்மாவும் பெட்டி ஒட்டித்தான் படிக்க வைத்தார் என்று அதே துண்டில் எழுதியிருந்தார்கள். வாசகர் கூடியதும் எழுத்து புதிதானதும் எனக்கு ஒரே தபாலில்தான் வந்தன. இரண்டையும் தனித்தனி வேலையாக நான் பார்த்ததே இல்லை.

சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியபோது, 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தவர். புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனவரும் அவரே. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவருடைய பொறுமை எத்தகையது என்று எனக்குப் பிடிபடுகிறது. தன் வாசகர் யார் என்று தெரிந்து, அவர் இருக்கும் இடத்துக்கு நடந்து போகிற பொறுமை அது. 1970 வரை அந்தப் பத்திரிகை வந்தது. புதுக்கவிதை காலூன்றியது அதன் பக்கங்களில்தான்.

இப்போதைய மென்பொருள், எத்தனை பேர் கடிதத்தைத் திறந்தார்கள் என்று காட்டுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தைக் கடிதத்தில் ஒட்டிவைத்து, அது எத்தனை தடவை இறங்குகிறது என்று எண்ணிச் சொல்லும் கணக்கு இது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயிலில் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. அந்த வசதியை வைத்திருப்பவர் கடிதத்தைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படம் முன்கூட்டியே இறங்கிவிடும். ஆகவே அந்த எண்ணை நம்பி எதையும் முடிவுசெய்ய வழியில்லை. ஒருவர் பதில் எழுதினால் படித்திருக்கிறார். அந்தக் கணக்கு அன்றும் இன்றும் ஒன்றுதான்.

அளவும் திரும்பி வந்திருக்கிறது. கடிதம் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மிச்சத்தை வெட்டி ஒளித்துவிடும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ‘க’வுக்கு மூன்று, ‘கொ’வுக்கு ஆறு. அலங்காரங்களோடு சேர்த்து நீளமாக எழுதுகிற தமிழ்க்காரர்தான் அந்தக் கத்திக்கு முதலில் கழுத்தைக் கொடுக்கிறார். நான் அலங்காரத்தைத்தான் முதலில் எடுத்தேன். அப்புறம் கடைசிப் பத்தியை.

வேறு சில கடிதக்காரர்களோடு பரஸ்பரம் சிபாரிசு செய்துகொண்டால் பெயர்கள் கூட்டமாகச் சேரும் என்கிறார்கள். சேரத்தான் செய்கிறது. ஆனால் இன்னொருவர் கடிதத்துக்குச் சந்தா கட்டும்போது தெரியாமல் டிக் ஆகி வந்தவர், விலகும் நாள் வரைக்கும் ஒரு வார்த்தை எழுதமாட்டார். எனக்கு வேண்டியவர் விளாத்திகுளத்து ஆசிரியரைப் போன்றவர். விலாசத்தைக் கையால் எழுதிய காலத்தில், எழுதும்போதே அந்த மனிதர் மனதில் வந்து உட்காருவார். இவருக்குப் போன மாதம் என்ன சொன்னோம், இந்த மாதம் என்ன சொல்லப்போகிறோம் என்று கேள்வி தானாக எழும். மென்பொருள் விலாசம் எழுதுகிறபடியால் அந்த நேரத்தை நானாக உண்டாக்கிக்கொள்கிறேன். கடிதம் அனுப்பிய மறுநாள் பட்டியலில் சில பெயர்களை எடுத்து, அவரவருக்குத் தனியாக நாலு வரி எழுதுகிறேன். ‘உங்கள் பக்கம் என்ன நடக்கிறது?’ என்றுதான் கேட்பேன்.

அப்படிக் கேட்டதற்குத் துபாயிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். அவருடைய அம்மா தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்தவராம். வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்தே அம்மாவுக்குக் கண் கெட்டுப்போனதாகவும், அதை யாரும் எழுதிப் படித்ததில்லை என்றும் சொல்கிறார். அடுத்த கடிதம் அதுதான். அக்டோபரில் மழை இறங்கிவிட்டால் உப்பு வாருவது நின்றுவிடும். அதற்குள் இரண்டு நாளாவது அங்கே போய் இருக்க வேண்டும். உப்பளத்துப் பெண்கள் அதிகாலையிலேயே வேலைக்கு இறங்கிவிடுவார்கள் என்பதால், முந்தின ராத்திரியே தூத்துக்குடிக்கு பஸ் ஏறுகிறேன்.