ரெண்டு மில்லிமீட்டர் வம்பு

கே: பழைய ஃபோக்ஸ்வாகன் போலோ ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. விளம்பரத்தில் எட்டுச் சக்கரம் என்று போட்டிருக்கிறார்கள். இது காரா, லாரியா? (ஆராய்ச்சி மாணவர், மியூனிக் அருகே கார்ஹிங்)

ப: கார்தான். நாலு ஓடும், நாலு உறங்கும். ஜெர்மனி விளம்பரங்களில் 'அக்ட்ஃபாக் பெரைஃப்ட்' என்று கண்டால் கோடைக்கு ஒரு செட், பனிக்கு ஒரு செட் என்று பொருள். அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை பனி டயர் என்பது இங்கே வாய்ப்பாடு. ஜெர்மனில் ரெண்டு சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் 'ஓ முதல் ஓ வரை' என்பார்கள். சட்டம் தேதி எதையும் குறிக்கவில்லை. சாலையில் பனியோ, ஐஸோ, பனிக்கூழோ கிடந்தால் அதற்குரிய டயர் இருக்க வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ, கூடவே ஒரு புள்ளி. கோலம் போட உதவாத புள்ளி அது. வடக்கே ஃபிளென்ஸ்புர்க் ஊரில் உள்ள மத்திய மோட்டார் வாகன அலுவலகத்துப் பதிவேட்டில் போய் உட்காரும். எட்டு சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும்.

ஆகவே உறங்கும் நாலையும் எழுப்பிப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்திருக்க வேண்டும். வெறும் 'எம்+எஸ்' மட்டும் உள்ள பழைய டயர்களுக்குக் கொடுத்த அவகாசம் 2024 செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டது. 'டாட்' என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கம் பிறந்த வாரமும் வருடமும்; 3516 என்றால் 2016-இன் 35-ஆவது வாரம். டயர்ப் பள்ளத்தின் ஆழம் சட்டத்துக்கு 1.6 மி.மீ. போதும். பனியில் 4 மி.மீ.க்குக் குறைந்தால் அந்த வண்டியில் நான் ஏற மாட்டேன்.

கே: யு6 மெட்ரோ ரயில் வாசலுக்கே வருகிறது. கார்ஹிங்கில் கார் எதற்கு? (சிக்கனம் விரும்பி, ஷ்வாபிங்)

ப: 2006-லிருந்து ஆராய்ச்சி வளாகம் வரைக்கும் வருகிறது, மறுக்கவில்லை. பொன்னி அரிசி மூட்டையோடு ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கே: சக்கரம் வட்டமாக இருந்தால் போதாதா? என்னென்னவோ பொருத்தம் பார்க்கச் சொல்கிறார்களே! (கோவை வாசகர்)

ப: பத்துப் பொருத்தம் எல்லாம் இல்லை, நாலைந்துதான். ஆனால் ரஜ்ஜுப் பொருத்தம் மாதிரி எந்த ஜோசியரும் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு: போல்ட் வட்டம். எத்தனை போல்ட், அவை அமர்ந்திருக்கும் வட்டத்தின் விட்டம் எவ்வளவு என்பது. ஃபியட் 500-க்கு 4×98. ஃபோக்ஸ்வாகன் அப்-க்கு 4×100. பழைய ஸ்மார்ட் ஃபோர்டூவில் மூன்றே போல்ட், 3×112.

இந்த 98-க்கும் 100-க்கும் நடுவில்தான் என் சோகக் கதை இருக்கிறது. என்னிடம் இருந்தது ஃபியட் 500. ஒரு புண்ணியவான் நாலு அலாய் ரிம்மை 80 யூரோவுக்குக் கொடுத்தார். "எல்லாச் சின்னக் காருக்கும் சேரும்" என்றார். முதல் போல்ட் ஏறியது. ரெண்டாவதும் முனகிக்கொண்டே ஏறியது. விட்டத்தில் ரெண்டு மில்லிமீட்டர் என்றால் ஒவ்வொரு துளையும் ஒரு மில்லிமீட்டர்தானே தள்ளியிருக்கிறது, முறுக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. போல்ட் சாய்ந்து உட்காரும், ஓடும்போது ஆட்டம் கொடுக்கும், ஒரு நாள் தளரும். சின்ன வித்தியாசம்தான் ஆபத்து. பெரிய வித்தியாசம் என்றால் ஏறவே ஏறாது, நாமும் பிழைத்தோம். 39 மீட்டர் தொலைநோக்கிக் கண்ணாடியை 798 துண்டுகளாகப் பொருத்துவதற்குத் திட்டம் போடும் ஐரோப்பிய வானாய்வகத்தின் தலைமையகம் இதே கார்ஹிங்கில்தான். அந்த ஊரில் குடியிருந்துகொண்டு நான் ரெண்டு மில்லிமீட்டரில் கோட்டை விட்டேன்.

கே: நண்பன் கோல்ஃப் சக்கரங்களைச் சும்மா தருகிறான். என் போலோவும் அதே கம்பெனிதானே? (மீண்டும் அதே மாணவர்)

ப: அண்ணன் சட்டை தம்பிக்குச் சேரும் என்ற நம்பிக்கை! 2003-இல் ஐந்தாம் தலைமுறை வந்ததிலிருந்து கோல்ஃபுக்கு 5×112, உங்கள் போலோவுக்கு 5×100. நடு ஓட்டை மட்டும் ரெண்டுக்கும் ஒன்றே, 57.1 மி.மீ. ஓட்டை பெரிதாக உள்ள ரிம் கிடைத்தால் நடுவே ஒரு வளையம் போட்டு நிரப்பலாம். போல்ட் வட்டத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. நண்பனுக்கு நன்றி சொல்லி, சக்கரத்தை அவனிடமே விட்டு வாருங்கள்.

கே: அண்ணை, சில்லு மாத்தப் போனனான். றிம்மிலை 'ஈ.டி. 38' எண்டு வெட்டிக் கிடக்கு. வேற்றுக்கிரகத்து ஆளோ? (யாழ்ப்பாணத்தவர், மியூனிக்)

ப: 'சில்லு' என்ற சொல்லைக் கேட்டதும் காது குளிர்ந்தது, தம்பி. நாங்கள் 'வீல்' என்று சொல்லியே பழகிவிட்டோம். ஈ.டி. வேற்றுக்கிரகம் இல்லை, உள்ளூர். சில்லின் அகலத்தை நடுவில் பிளந்து ஒரு கோடு போடுங்கோ. வண்டியோடு ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறதோ, அதுதான் ஈ.டி. எண் கூடினால் சில்லு உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். 38-க்குப் பதில் 48 போட்டால் 10 மி.மீ. உள்ளே, சஸ்பென்ஷனில் உரசலாம். 28 போட்டால் அதே அளவு வெளியே. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டில் தேய்க்கும். சத்தம் வரும், அப்புறம் பில் வரும்.

கே: பெரிய ரிம் போட்டால் வண்டி கம்பீரமாக இருக்குமே? (ஸ்டைல் மன்னன், திருச்சி)

ப: ரிம் பெரிதாகலாம், சக்கரத்தின் மொத்த உயரம் மாறக்கூடாது. கோல்ஃபையே எடுத்துக்கொள்ளுங்கள்: 195/65 ஆர் 15, 205/55 ஆர் 16, 225/45 ஆர் 17. மூன்றையும் கணக்குப் போட்டால் விட்டம் 632-க்கும் 635 மி.மீ.க்கும் நடுவில் நிற்கும். ரிம் வளர வளர டயரின் பக்கச் சுவர் மெலிகிறது. உயரம் கூடிவிட்டால் ஸ்பீடாமீட்டர் குறைத்துக் காட்டும். ஐரோப்பிய விதிப்படி அது கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டவே கூடாது. மனிதர்களுக்கு நேர்மாறான விதி. கம்பீரத்தின் விலை ஒன்றும் உண்டு: மெலிந்த டயரோடு திருச்சிப் பள்ளத்தில் விழுந்தால் அடி நேரே ரிம்முக்கு.

கே: சென்னையில் அலாய் வீல் மலிவு. வரும்போது சூட்கேஸில் எடுத்து வரட்டுமா? (ஆவலோடு ஒரு மைத்துனர்)

ப: டயரோடு ஒன்று சுமார் 15 கிலோ. ஊறுகாய்க்கு இடம் இருக்காது, யோசியுங்கள். அதை விடுங்கள், இங்கே சக்கரம் வண்டிக்குப் பொருந்தினால் பாதிக் கிணறுதான். காகிதத்துக்கும் பொருந்த வேண்டும். ரிம்மில் பெரும்பாலும் அங்கீகார எண் வார்த்திருக்கும். அதைக் கொடுப்பது முன்பு சொன்ன அதே ஃபிளென்ஸ்புர்க் அலுவலகம். கூடவே வரும் தாளில் உங்கள் மாடல் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'ஆ.பே.ஏ.' எனும் பொது அனுமதி என்றால், நிபந்தனைகள் ஒத்துப்போனால், தாளை வண்டியில் வைத்துக்கொண்டு ஓட்டலாம். 'டைலெகுட்டாஹ்டன்' எனும் உதிரிபாக ஆய்வறிக்கை என்றால் மாட்டியதும் டூஃப் மாதிரி ஒரு சோதனை நிலையத்தில் காட்டிச் சான்று வாங்க வேண்டும். எதுவும் இல்லாமல் ஓட்டினால் வண்டியின் அனுமதியே செல்லாமல் போகக்கூடும். காருடைய 'சி.ஓ.சி.' தாளில் கம்பெனி ஒப்புக்கொண்ட அளவுகள் இருக்கும். கடைக்குப் போகுமுன் அதைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மைத்துனர் ஊறுகாயோடு வந்தால் போதும்.

கே: பழைய போல்ட்டையே புது ரிம்முக்குப் போடலாமா? (குடும்பத் தலைவி, உன்டர்ஷ்லைஸ்ஹைம்)

ப: இந்த வாரத்தின் சிறந்த கேள்வி, பரிசு எதுவும் இல்லை. போல்ட்டின் கழுத்தைப் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் கம்பெனி ரிம்முக்கு உருண்டைக் கழுத்து. வெளியில் வாங்கும் ரிம் பலவற்றுக்குக் கூம்புக் கழுத்து. மாற்றிப் போட்டாலும் ஏறும், இறுகியது போலவே இருக்கும், ஆனால் ஓரத்தில் மட்டும்தான் தொட்டுக்கொண்டிருக்கும். டார்க் ரெஞ்சில் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள், 50 கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை. 2014 நவம்பர் முதல் பதிவான புது வண்டி என்றால் காற்றழுத்தம் காட்டும் வசதி கட்டாயம். சக்கரத்துக்குள்ளேயே சென்சார் இருக்கும் ரகமானால் பனிச் செட்டுக்கும் நாலு வாங்க வேண்டும்.

கே: டிக்கியில் ஸ்டெப்னியைத் தேடினேன், ஒரு டப்பாதான் இருந்தது. (புதிதாக வந்தவர், கார்ஹிங்)

ப: ஓட்டையை அடைக்கும் பசையும் காற்றடிக்கும் பம்பும் அது. 'ஸ்டெப்னி' என்பது வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் ஒரு தெருவின் பெயர். 1904-இல் அங்கே டேவிஸ் சகோதரர்கள் செய்த மாற்றுச் சக்கரம் அந்தப் பெயரில் உலகம் சுற்றியது. தெருக்காரர்கள் மறந்திருக்கலாம், நாம் இன்னும் விடவில்லை.

கே: ஃபிளாட்டில் இடம் இல்லை. உறங்கும் நாலு சக்கரத்தை எங்கே வைப்பது? (அதே மாணவர், மூன்றாம் முறை)

ப: ஓட்டலில். கிண்டல் இல்லை, 'ரைஃபன்ஹோட்டல்' என்றே பெயர். டயர்க் கடைக்காரர்கள் ஒரு பருவத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு அடுக்கி வைப்பார்கள். நிலவறை கிடைத்தால் ரிம்மோடு உள்ளதைப் படுக்க வைக்கலாம், ரிம் இல்லாத டயரை நிறுத்தி வைக்க வேண்டும். கழற்றும்போதே எது முன் இடது, எது பின் வலது என்று சாக்பீஸால் எழுதிவிடுங்கள்.

என் நிலவறையில் கிடக்கும் அந்த நாலு 4×100 ரிம்மையும் ஓட்டலில் சேர்க்க ஒருமுறை போனேன். "எந்த வண்டிக்கு?" என்று கேட்டார்கள்.