என் எடை, ஊர்ச் சொத்து

காசநோய்க்கு மாத்திரை ஆறு மாதம். அதற்குப் பிறகு வரும் ஆலோசனைக்குத்தான் கெடு கிடையாது.

ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஏ, பி, சி என்று மூன்று ஷிப்டிலும் சுழல்கிறவன் இளைத்துப் போவது ஒரு செய்தியே இல்லை. நான் இளைத்தபோது லைனில் எல்லோரும், “மாப்ள, எந்த ஜிம்?” என்றுதான் கேட்டார்கள். இருமல் நிற்காமல் சளிப் பரிசோதனைக்குப் போனபோதுதான் ஜிம்மின் பெயர் டிபி என்று தெரிந்தது.

சிகிச்சை நடக்கும்வரை நம் எடை அரசாங்கத்தின் பொறுப்பு. மாத்திரைக் கணக்கே எடையை வைத்துத்தான். 35 முதல் 49 கிலோ வரை தினம் மூன்று. 50 முதல் 64 வரை நான்கு. 65 முதல் 75 வரை ஐந்து. கம்பெனியில் இன்கிரிமென்ட் கண்ணில் படாத வருஷத்தில், ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு மாத்திரை இன்கிரிமென்ட் கிடைத்தது. சத்தாகச் சாப்பிடச் சொல்லி வங்கிக் கணக்கில் பணமும் போடுகிறார்கள். நிக்‌ஷய் போஷண் என்ற அந்தத் திட்டம் 2018இல் மாதம் 500 ரூபாயில் தொடங்கி, 2024 நவம்பரில் 1,000 ரூபாய் ஆனது. வீண் செலவில்லை. ஜார்கண்டில் நடத்தி 2023இல் வெளியிட்ட ‘ரேஷன்ஸ்’ ஆய்வில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடிய நோயாளிகளுக்குச் சாவு அபாயம் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. ஆகவே அம்மா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஆட்டுக்கால் சூப்போடு பஸ் ஏறியதற்கு விஞ்ஞான ஆதாரம் உண்டு.

மாத்திரை முடிந்தது. சளியில் கிருமி இல்லை என்றார்கள். பணம் நின்றது. சூப் நிற்கவில்லை.

நோய் இருந்தவரை பசியே கிடையாது. உள்ளே போன கொஞ்சநஞ்சத்தையும் காய்ச்சல் தின்றுவிடும். நோய் போனதும் பசி வட்டியோடு திரும்பி வந்தது. அது திரும்பி வந்த இடமும் சாமானியமில்லை: ஷிப்டுக்கு ஷிப்டு சோறு போடும் கேன்டீன், வெளியே வந்தால் சுங்குவார்சத்திரத்துப் பரோட்டாக் கல். கேன்டீன் அண்ணன் என் தட்டைக் கண்டாலே, “நோயில விழுந்து எழுந்த புள்ள” என்று ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவார். கொஞ்ச நாளில் அவரே, “தம்பி, தொப்பை எட்டிப் பாக்குது, பாத்துக்க” என்றார். சொல்லிக்கொண்டே அந்தக் கூடுதல் கரண்டியையும் போட்டார்.

என் உடம்பின் உண்மையான வரலாறு யூனிபார்மில் இருக்கிறது. அதற்கு அளவு கொடுத்தது, நான் கொடிக்கம்பி மாதிரி இருந்த காலத்தில். அடுத்த அளவு எப்போது எடுப்பார்கள் என்பது ஹெச்ஆருக்கே தெரியாத ரகசியம். ஷிப்ட் தொடங்குமுன் வரிசையாக நின்று கையைத் தூக்கி ஐந்து நிமிடம் உடற்பயிற்சி செய்ய வேண்டும். எல்லோரும் மூச்சை இழுத்து விடுவார்கள். நான் இழுத்ததோடு நிறுத்திக்கொள்வேன். விட்டால் பட்டன் போய்விடும். டெய்லரிடம் பேன்ட்டைக் கொண்டுபோனேன். உள்தையலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இனிமே பிரிச்சு விடத் துணி இல்ல தம்பி. நீதான் குறையணும்” என்றார். இவ்வளவு சுருக்கமாக எந்த டயட்டீஷியனும் பேசமாட்டார்.

டாக்டர் நடக்கச் சொன்னார். “எட்டு மணி நேரம் நிக்கிறேனே, சார்?” என்றேன். “நிக்கிறதை நடக்கிற கணக்குல சேக்க முடியாது. பேச்சு கொடுத்தா மூச்சு வாங்காம பதில் சொல்ற வேகத்துல ஆரம்பிங்க” என்றார். தமிழக அரசும் 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்துக் கொடுத்திருக்கிறது. ஆனால் என் ரூமுக்கு எதிரே இருப்பது வண்டலூர்–வாலாஜாபாத் சாலை. இந்தச் சாலையில் காலால் நடக்கிறவன் ஷிப்ட் பஸ்ஸைத் தவறவிட்டவன் என்பது ஊரறிந்த உண்மை. ஒவ்வொரு பஸ்ஸும் என்னருகே மெதுவாகும். “எந்தக் கம்பெனி? ஏறுப்பா!” கம்பெனி இல்லை, வாக்கிங் என்றால் டிரைவர் முகத்தில் ஒரு பரிதாபம் வரும், வேலை போய்விட்டது போலிருக்கிறது என்று. கார் ஏற்றிய டிரெய்லர்காரர்கள் இந்தியில் குடோனுக்கு வழி கேட்பார்கள். கை காட்டுவதில் தோளுக்கும் பயிற்சி. சிப்காட் உள்சாலைக்கு மாறினேன். அங்கே வேகப் பயிற்சியை நாய்கள் பார்த்துக்கொள்கின்றன.

இத்தனைக்கும் நடுவே வீட்டுக்கார அக்கா, “இன்னும் தேறவே இல்லையேப்பா” என்று முட்டை அவித்துக் கொடுப்பார். சூப்பர்வைசர், “நல்லாத்தான் தேறியிருக்கே, ஓ.டி. பாக்கலாமே?” என்பார்.

எல்லோருக்கும் பொதுவான பதிலாக ஒரு பழைய சென்னைக் கதை வைத்திருக்கிறேன். 1956இல் இங்கே ஓர் ஆய்வு தொடங்கினார்கள். காசநோயாளிகளில் ஒரு பாதிப் பேருக்குச் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும். மறுபாதிப் பேர் நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே, கிடைத்த கஞ்சியோடு. மருந்து இருவருக்கும் ஒன்றே, ஒரு வருடம். 1959இல் முடிவு வந்தது: எடை அதிகம் கூடியது சானடோரியக்காரர்களுக்கு, குணமானதில் இரு தரப்பும் ஏறக்குறைய சமம். உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம். 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தொடங்கிய எங்கள் தாம்பரம் சானடோரியம், மின்சார ரயில் நிற்கும் ஸ்டேஷன் பெயராகவும் நிலைத்திருக்கிறது. எலும்பும் தோலுமாய் வருகிறவனுக்குச் சோறு உயிர் காக்கும். கிருமியைக் கொல்வது மாத்திரைதான். இதை விளக்கமாக அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வீட்ல இருந்தாங்களே பாதிப் பேரு, அவங்களுக்கு அவங்கம்மா சூப் வெச்சுக் குடுக்கலன்னு யாரு பாத்தா?” என்றாள். உலகப் புகழ்பெற்ற ஆய்வில் இப்படி ஓர் ஓட்டை.

சிகிச்சை முடிந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடம் வரை பரிசோதனைக்குப் போக வேண்டும். போனேன். சிஸ்டர் உயரத்தையும் எடையையும் வைத்து பிஎம்ஐ கணக்குப் போட்டார். நம்மவர்களுக்கு 23ஐத் தொட்டாலே கூடுதல். எனக்கு 22 சொச்சம். “கரெக்டா இருக்கீங்க. இப்படியே நில்லுங்க” என்றார். இளைத்தவன் என்றும் பெருத்தவன் என்றும் ஒரே நாளில் பெயர் வாங்கியவனுக்கு, நடுவில் இப்படி ஓர் இடம் இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

அன்றே லைனில் ஒரு சட்டம் அறிவித்தேன்: என் எடையைப் பற்றிக் கருத்துச் சொல்கிறவர் டீ வாங்கித் தர வேண்டும். கருத்து குறையவில்லை, சர்க்கரை போட்ட டீயாகக் குடித்து என் எடைதான் கூடியது. உடனே சட்டத்தைத் திருத்தினேன். டீ சர்க்கரை இல்லாமல். கருத்துச் சொன்னவரும் அதையே குடிக்க வேண்டும். இப்போது ஒரகடத்தில் என் உடம்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள்.