வைரக் கிரகத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு

முதலில் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள்: 55 கான்க்ரி ஈ, கடக விண்மீன் மண்டலம், சுமார் 41 ஒளியாண்டு தூரம். 2015-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் 'யான்சன்' என்று பெயர் சூட்டியது. அந்தப் பெயரில் விசாரித்தால் வழி சொல்ல ஆள் கிடைக்காது. வாயேஜர் 1 போகும் வேகத்தில் போனால் ஏழு லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும். கட்டுச்சோறு தாராளமாக இருக்கட்டும்.

சாக்குப்பை எத்தனை என்பதுதானே உங்கள் கேள்வி? 2012-இல் யேல் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதனும் சகாக்களும், இந்தக் கிரகத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்காவது வைரமாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். அந்த 'இருக்கலாம்' பத்திரிகைகளுக்குப் போகும் வழியிலேயே தொலைந்துவிட்டது. மறு வருடமே வேறு ஆய்வாளர்கள் அதன் தாய் நட்சத்திரத்தை மறுபடி அளந்து, அதில் கார்பனைவிட ஆக்சிஜன்தான் அதிகம் என்றார்கள். வைரக் கணக்கின் அஸ்திவாரமே ஆட்டம் கண்டது. உங்களிடம் முன்பணம் கொடுத்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

வைரம் இருந்தே தொலைத்தாலும் தோண்டி வெளியே எடுத்ததும் அழுத்தம் விட்டுப்போகும். அந்தச் சூட்டில் அது கிராஃபைட்டாக, அதாவது பென்சில் கரியாக, மாறிவிடக்கூடும். எழுதுபொருள் வியாபாரத்துக்கும் சேர்த்தே உரிமம் வாங்கிவிடுங்கள்.

மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். கிரகம் எப்போதும் ஒரே முகத்தைத்தான் நட்சத்திரத்துக்குக் காட்டுகிறது என்று கருதுகிறார்கள். ஸ்பிட்சர் தொலைநோக்கியின் தரவை வைத்து 2016-இல் போட்ட கணக்குப்படி, வெயில் பக்கம் ஏறக்குறைய 2,400 டிகிரி செல்சியஸ். நிழல் பக்கமே 1,100. தங்கம் 1,064-இலேயே உருகிவிடும். வெயில் பக்கத்து வானத்தில் நட்சத்திரம் நம் சூரியனைப் போல் அறுபது மடங்கு அகலத்தில் நிற்கும். அங்கே குடை விரிப்பது உங்கள் விருப்பம்.

மூச்சை இங்கேயே நன்றாக இழுத்துக்கொண்டு கிளம்பவும். இவ்வளவு கிட்டத்தில் நட்சத்திரம் வறுத்தெடுக்கும் பாறைக் கிரகத்தில் காற்று தங்காது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வேறு மாதிரி காட்டியது: 2024-இல் வந்த முடிவின்படி, கார்பன் மோனாக்சைடோ கார்பன் டை ஆக்சைடோ கலந்த வளிமண்டலம் அங்கே இருப்பதற்கு அறிகுறி தெரிகிறது. கீழே கொதிக்கும் பாறைக்குழம்புக் கடல் வாயுவைக் கக்கிக் கக்கி, பறந்துபோவதை ஈடுகட்டுகிறது போலும். என்னைக் கேட்டால் மூட்டை மூட்டையாய் வைரத்தைவிட இதுதான் பெரிய அதிசயம். ஆனால் இதற்கு அடகுக்கடையில் பணம் தர மாட்டார்கள்.

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஒரு வருடம் என்பது நம் 18 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. பிறந்த 44 நாளில் பிள்ளைக்கு அறுபது நிறைந்து மணிவிழா வந்துவிடும். தலை நின்றிருக்காது, மாலை போடும்போது கழுத்தைத் தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.