சுடாதவர்கள்

இரண்டாம் உலகப் போரில் 'துப்பாக்கியைத் தொட மாட்டோம்' என்ற அமெரிக்க மெனோனைட் கிறிஸ்தவர்களைக் காட்டு வேலைக்கு அனுப்பினார்களாமே! உயிருக்குப் பயந்துதானே அப்படிச் சொன்னார்கள்?

சுட மாட்டேன் என்றவர்கள், சுடுகிற இடத்தில் போய்க் குதித்தார்கள்! 1943 முதல் மொன்டானாவின் மிசூலா வட்டாரத்தில், காட்டுத்தீ எரியும் மலைகளில் விமானத்திலிருந்து பாராசூட்டில் இறங்கி, கோடரியும் மண்வெட்டியுமாகத் தீயை அணைத்தவர்களில் மெனோனைட் இளைஞர்கள் ஏராளம். பயந்தாங்கொள்ளி பார்க்கிற வேலையா இது?

சம்பளம்? மூச்! கைச்செலவுக்குச் சில டாலர், அவ்வளவுதான். அவர்கள் தங்கிய முகாம்களை நடத்தும் செலவில் பெரும்பகுதியைத் திருச்சபைகளின் தலையிலேயே கட்டிவிட்டார்கள். துப்பாக்கி பிடித்திருந்தால் மாதாமாதம் காசாவது வந்திருக்கும்.

போர் 1945-லேயே முடிந்தது. ஆனால் ராணுவத்துக்குப் பதிலான இந்த மாற்றுப்பணியில் இருந்தவர்களில் கடைசி ஆட்கள் வீடு திரும்ப 1947 ஆகிவிட்டது.